ஊற்றுவது மாற்றுவது ஆகாது: டிஸ்க் பிரேக் ஆயிலை நீங்களே மாற்றும் முறை

பைக்குக்கு ஆயில் மாற்றுவது என்றால் இன்ஜின் ஆயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்குக் கிலோமீட்டர் கணக்கைக் குறித்து வைத்திருப்பவர்கள்கூட, ஹேண்டில்பாரின் வலது ஓரத்தில் சிறு கண்ணாடி வைத்த டப்பாவுக்குள் இருக்கும் பிரேக் ஆயிலை வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றியிருக்க மாட்டார்கள். குறைந்தால் கொஞ்சம் ஊற்றுவார்கள், அதோடு சரி. ஹைட்ராலிக் பிரேக்கில் அந்தத் திரவமும் ஒரு பாகம். செயினும் பிரேக் பேடும் தேய்வது போல அதுவும் கெடுகிறது. ஓடிய தூரத்தால் அல்ல, கடந்த காலத்தால். மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளித்துவிடலாம் என்ற பழக்கம் ஏன் தவறு என்பதையும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதை நீங்களே எப்படி முழுதாக மாற்றலாம் என்பதையும் இந்த அத்தியாயம் சொல்கிறது.

தத்துவம், வேலைக்குத் தேவையான அளவு

மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் வகுத்த விதி இது. 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இதே விதியைக் கொண்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் பைக்கில் நடப்பதும் அதுதான். லிவரை இழுத்தால் மாஸ்டர் சிலிண்டரின் சின்ன பிஸ்டன் நகர்கிறது; ஆயில் அந்த அழுத்தத்தைக் குழாய் வழியே காலிப்பருக்குக் கொண்டுபோகிறது; அங்குள்ள பெரிய பிஸ்டன் பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிறது. மேலே 12 மி.மீ. விட்டம், கீழே 30 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், பரப்பளவு ஆறேகால் மடங்கு பெரிது. ஆகவே விசையும் ஆறேகால் மடங்கு. சும்மா கிடைப்பதில்லை: கீழே பிஸ்டன் ஒரு மி.மீ. நகர, மேலே ஆறேகால் மி.மீ. நகர வேண்டும்.

இந்தக் கணக்கு சரியாக வர ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் இருப்பது அழுத்தினால் சுருங்காத பொருளாக இருக்க வேண்டும். திரவம் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. காற்றும் நீராவியும் சுருங்கும். குழாயில் காய்ந்த பட்டாணி அளவு, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள ஒரு காற்றுக்குமிழ் இருக்கிறது என்று வையுங்கள். அதன் கன அளவு சுமார் 113 கன மி.மீ. 12 மி.மீ. பிஸ்டன் ஒரு மி.மீ. நகர்ந்தால் தள்ளும் ஆயிலும் அதே அளவுதான். ஆக, நீங்கள் லிவரை இழுக்கும்போது முதல் ஒரு மி.மீ. ஏறக்குறைய முழுதும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். லிவரின் நுனியில் அது ஐந்தாறு மி.மீ. ஆகத் தெரியும். ஒரு பட்டாணிக்கு இவ்வளவு என்றால், ஆயில் கொதித்து நீராவி உண்டானால் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடுவதில் வியப்பில்லை.

ஜேசிபியில் நடப்பது பிரேக்கில் நடப்பதில்லை

மண் வெட்டும் ஜேசிபி, டிப்பர் லாரி, டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கும் லிப்ட், பஞ்சர் கடையின் பாட்டில் ஜாக் எல்லாமே இதே விதியில்தான் ஓடுகின்றன. ஜேசிபியிலும் டிப்பரிலும் டிராக்டரிலும் இன்ஜின் ஓட்டும் பம்ப் இருக்கிறது. அது தொட்டியிலிருந்து ஆயிலை எடுத்து, வால்வு வழியே சிலிண்டருக்கு அனுப்பி, பில்டரில் வடிகட்டி, மீண்டும் தொட்டிக்கே கொண்டுவருகிறது. ஆயில் ஓயாமல் சுற்றுகிறது. அங்கே கொஞ்சம் புது ஆயில் ஊற்றினால் எல்லாவற்றோடும் கலக்கும். அழுக்கு பில்டரில் தங்கும்.

பிரேக்கில் பம்பும் இல்லை, பில்டரும் இல்லை, திரும்பி வரும் பாதையும் இல்லை. அது ஒரு முட்டுச்சந்து. லிவரை இழுத்தால் ஆயில் ஒரு சில மி.மீ. முன்னே போகும், விட்டால் அதே அளவு பின்னே வரும். காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் பெரும்பாலும் காலிப்பருக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மிக அதிகமாகச் சூடாவதும் அந்த இடம்தான். நீங்கள் மேலே டப்பாவில் ஊற்றும் புது ஆயில் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. ஊற்றுவது மாற்றுவது ஆகாது என்று சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் ஆயிலின் தன்மை. நம் பைக்குகளில் இருப்பது கிளைக்கால் வகை ஆயில். அது ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸின் வழியாகவும் டப்பாவின் மூடியோரமாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். டாட் 4 என்று குறித்த புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் எழுபது டிகிரியைத் தின்றுவிடுகிறது.

“என் பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். பிடிக்கும். ஊருக்குள் ஓட்டும்வரை காலிப்பர் அந்தச் சூட்டை எட்டாது; ஆகவே கெட்ட ஆயிலும் நல்ல ஆயில் போலவே நடந்துகொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்திலோ நிலைமை வேறு. வண்டியும் இரண்டு பேருமாக 300 கிலோ என்று வைத்து, 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 29 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுதும் ஆவியாக்க இது போதும். இன்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கின் தலையில். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குபவர் இன்ஜினின் பங்கையும் பிரேக்கிடமே கொடுக்கிறார். அப்போது ஆயிலில் இருக்கும் தண்ணீர் கொதித்தால் லிவர் திடீரென்று தொளதொளக்கும். இதில் பொல்லாத விஷயம், அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் நீராவி மறுபடி தண்ணீராகிவிடும். லிவரும் பழையபடி இறுகிவிடும். மெக்கானிக்கிடம் காட்டினால் ஒரு குறையும் தென்படாது. பிரேக் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஊருக்குள் ஓட்டிய அனுபவம் சாட்சி ஆகாது.

“ஆயில் தெளிவாகத்தானே இருக்கிறது?” என்பது அடுத்த கேள்வி. தண்ணீருக்கு நிறமில்லை. ஆயில் கறுத்திருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் வெளிறியிருப்பதால் நல்லது என்று ஆகாது. ஈரம் பார்க்கும் பேனா போன்ற கருவிகள் கிடைக்கின்றன. அவை சோதிப்பது மேலே டப்பாவில் உள்ள ஆயிலை. கெட்டது கிடப்பது கீழே. ஆகவே காலண்டரைப் பார்ப்பதே மேல். வண்டிக் கையேடு வேறு கெடு சொல்லாதவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

அளவு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது

டப்பாவில் அளவு இறங்கியிருந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே குறைந்த அளவு பெரும்பாலும் பேட் தேய்ந்ததற்கான அறிவிப்பு. அதன் மேல் ஊற்றினால் அறிவிப்பை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். பின்னால் புது பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஊற்றியதெல்லாம் வழிந்து பெயின்டைக் கெடுக்கும். பேட் தடிமனாக இருந்தும் அளவு குறைகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அப்போது இந்த அத்தியாயம் போதாது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

இதை நீங்களே செய்யலாமா?

பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, தெரிந்தவரிடம் விடுவதுதானே முறை என்று தோன்றும். நியாயமான தயக்கம். ஆனால் இந்த வேலையில் கைத்திறனைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை. ஒரே செயலை முப்பது நாற்பது முறை ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும். வரிசையாக வண்டிகள் நிற்கும் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்காத நேரம் உங்களிடம் இருக்கிறது. தவறு நடந்தால் அது லிவரிலேயே, வண்டி நிற்கும்போதே தெரிந்துவிடும் என்பதும் உங்களுக்குச் சாதகம். கடைசியில் சொல்லும் சோதனையைக் குறைவில்லாமல் செய்வேன் என்பவர் தாராளமாக இறங்கலாம். சோதனையைத் தாண்டிப்போகத் தோன்றும் அவசரக்காரர் தொடவே வேண்டாம்.

ஏபிஎஸ் உள்ள வண்டிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆகவே உங்கள் வண்டியிலும் இருக்கலாம். கீழே சொல்லும் முறையில் டப்பா காலியாகாதவரை சிக்கல் இல்லை. காலியாகி, ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் அதை வெளியேற்றச் சில வண்டிகளுக்குக் கம்பெனிக் கருவி தேவைப்படும்.

எந்த ஆயில், என்னென்ன சாமான்

டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் டாட் 3 அல்லது 4. அதையே வாங்குங்கள். 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிகான்; அவற்றோடு சேராது. 4ஐவிட 5 பெரிய எண், ஆகவே உயர்ந்தது என்று நினைத்து வாங்கிவிடுபவர்கள் உண்டு. சிலிகான் ஈரத்தை இழுக்காது என்பது உண்மைதான். அதனாலேயே உள்ளே வந்த தண்ணீர் கலக்காமல் தனியாகத் தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரில், போய்த் தங்கும். இன்ஜின் ஆயில், போர்க் ஆயில் எதையும் அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும்.

சீல் உடைக்காத புட்டியாக வாங்குங்கள். முன் பிரேக் மட்டும் என்றால் 100 மி.லி. பொதுவாகப் போதும், பின்னதும் சேர்ந்தால் 250 மி.லி. காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 8 மி.மீ.), நிப்பிள் மேல் இறுக்கமாக ஏறும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம், உள்ளே தெரியும் பழைய பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்ச், மூடியின் ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர், பஞ்சு பறக்காத துணி, ஒரு வாளித் தண்ணீர், கையுறை, கண்ணாடி. மழைநாளில் இந்த வேலை வேண்டாம்.

படிப்படியாக, முன் பிரேக்

1. வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, டப்பாவின் மேற்புறம் மட்டமாக வரும்படி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். பெட்ரோல் டேங்க், மட்கார்டு இரண்டையும் நனைத்துப் பிழிந்த துணியால் மூடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும். ஆனால் அது தண்ணீரில் கரைந்து போகும் என்பதால், ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பிக்கலாம். உள்ளே எதிரியான தண்ணீர் வெளியே நண்பன்.

2. மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். மேலே கிடக்கும் ஒரு மணல்துகள் உள்ளே விழுந்தால் அதை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை.

3. மூடியின் இரண்டு ஸ்க்ரூவும் மென்மையானவை, பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும். டிரைவரை நேராக வைத்து அதன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டி, கீழ்நோக்கி அழுத்தியபடி திருப்புங்கள். வழுக்கினால் மேலும் முயலாமல் சரியான அளவு டிரைவர் தேடுங்கள்.

4. மூடி, அதன் கீழ்த் தட்டு, ரப்பர் டயாப்ரம் மூன்றையும் வரிசை மாறாமல் சுத்தமான துணியில் வையுங்கள். சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். அடியிலுள்ள சிறு துளைகள் வெளியே தெரியாதபடி கொஞ்சம் விட்டுவிட வேண்டும். ஓரத்துக் கசடைத் துணியால் துடைத்துவிட்டுப் புது ஆயில் நிரப்புங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால், மேலே இருந்த அழுக்கையெல்லாம் குழாய் முழுதும் தள்ளிக்கொண்டு போக வேண்டிவரும்.

5. காலிப்பரில் நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றுங்கள். முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, பிறகு டியூபை ஏற்றுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் நுழையாது. டியூப் மேல்நோக்கி ஒரு வளைவு வளைந்து பாட்டிலுக்குள் இறங்கட்டும். அதன் நுனி, பாட்டிலில் நீங்கள் ஊற்றி வைத்த கொஞ்சம் புது ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும்.

6. லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்துக் கட்டுங்கள். ஓடி நாளான வண்டியில் மாஸ்டர் பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதியில் அரிப்பு இருக்கலாம். லிவரை முழுதாக அமுக்கினால் சீல் அதன் மேல் உரசிக் கிழியும்.

7. இனி முக்கியமான வேலை. லிவரை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் வெளியேறும், லிவர் இறங்கும். நிப்பிளை மூடுங்கள். பிறகுதான் லிவரை விட வேண்டும். அழுத்து, திற, மூடு, விடு. இந்த வரிசை ஒரு முறைகூட மாறக் கூடாது. திறந்திருக்கும்போது லிவரை விட்டால் திரும்பும் பிஸ்டன் கீழிருந்து காற்றை உறிஞ்சும். கை எட்டவில்லை என்றால் ஒருவரைத் துணைக்கு வைத்து, ஒவ்வொரு செயலையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

8. ஐந்து முறைக்கு ஒரு தடவை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் மிகவும் சகஜமானது டப்பா காலியாவதுதான். அப்படி ஆனால் மாஸ்டர் சிலிண்டர் முழுதும் காற்று. அரை மணி நேர வேலை அரை நாள் ஆகும்.

9. டியூபில் குமிழ் நின்று, புது ஆயிலின் நிறம் வந்த பின்னும் சில முறை தொடருங்கள். பழையதும் புதியதும் ஒரே நிறமாக இருந்தால் கண்ணை நம்பாமல் வெளியேறிய அளவை நம்புங்கள். 70, 80 மி.லி. போயிருக்க வேண்டும்.

10. நிப்பிளை மூடும்போது கைப்பலம் காட்டாதீர்கள். அது உள்ளே துளையுள்ள மெல்லிய ஆணி. முறிந்தால் காலிப்பரோடு செலவு. கையேட்டில் உள்ள இறுக்க அளவே முடிவானது. டியூபைக் கழற்றி, தொப்பியை மாட்டி, மேல் கோடு வரை ஆயில் நிரப்பி, டயாப்ரத்தின் மடிப்பைச் சரிசெய்து மூடியை இறுக்குங்கள். காலிப்பரைச் சுற்றித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேடிலோ டிஸ்க்கிலோ ஆயில் பட்டிருந்தால் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடையுங்கள்; ஆயில் ஊறிய பேடை மாற்றிவிடுங்கள், துடைத்துப் பயன்படுத்த முடியாது.

பின் பிரேக்குக்கும் இதே முறை. லிவருக்குப் பதில் பெடல், டப்பா பக்கவாட்டில். நிப்பிள் காலிப்பரின் மேற்புறம் இல்லாமல் அடியில் இருக்கும் வண்டிகளில் காற்று மேலேயே தங்கிவிடும். அங்கே காலிப்பரைக் கழற்றி நிப்பிள் மேலே வரும்படி பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். பேடுகளுக்கு நடுவில் டிஸ்க்கின் தடிமனில் ஒரு கட்டை வைக்க மறந்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

லிவர் இன்னும் தொளதொளவென்று இருந்தால்

எங்கோ காற்று நிற்கிறது. அது மேலே ஏறும் இயல்புடையது, நாமோ கீழே தள்ளப் பார்க்கிறோம். ஆகவே குழாயின் மிக உயர்ந்த இடத்தை, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் வளைவை, முதலில் சந்தேகியுங்கள். ஹேண்டில்பாரை அந்த வளைவு டப்பாவைவிடத் தாழும்படி திருப்பி, ஹோஸை விரலால் தட்டி, லிவரை முதல் சில மி.மீ. மட்டும் திரும்பத் திரும்ப அசையுங்கள். டப்பாவுக்குள் குமிழ் எழும்பும். பிறகு 7ஆம் படியைப் பத்து முறை செய்யுங்கள். டியூபில் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். நிப்பிளை அதிகம் திறந்ததால் அதன் மரை வழியே வெளிக்காற்று டியூபுக்குள் மட்டும் வரலாம். லிவர் இறுகிவிட்டதா என்பதே கேள்வி. லிவரை அழுத்திப் பிடிக்கும்போது அது மெல்ல மெல்ல இறங்கினால் அது காற்று அல்ல. கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. ஓட்டாதீர்கள்.

சாலைக்குப் போகும் முன்

லிவரை ஒரு நிமிடம் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. நிப்பிள், ஹோஸ் இணைப்புகளைக் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டக் கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். லிவரை விட்டதும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இன்ஜின் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் பிரேக் பிடியுங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில், அதன் பின் 20 கி.மீ. வேகத்தில். மறுநாள் காலை லிவரையும் நிப்பிளையும் இன்னொரு முறை பாருங்கள். பின்னால் ஆள் ஏற்றுவது அதற்கப்புறம்.

மாற்றிய தேதியைச் சின்னக் காகிதத்தில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். மிஞ்சிய ஆயிலை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். திறந்த புட்டி காற்றிலிருந்து ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் யாராவது அதே நாளில் மாற்றுவதாக இருந்தால் கொடுக்கலாம். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு, இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். அதுவரை எதில் வைத்தாலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வைக்காதீர்கள். இளம்மஞ்சளாக, ஜூஸ் போலவே இருக்கும். குடித்தால் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.